முக்கால் மணி நேர மிச்சம்

என் மனைவி ஸ்ரீவித்யா கடலைப் படிப்பவள். பிறந்தது கோயம்புத்தூர், வேலை பார்ப்பது புனே. இரண்டு ஊரிலும் கடல் கிடையாது. இதை எங்கள் வானவடி அடுக்குமாடி சொசைட்டியில் ஒருவருக்கும் புரியவைக்க முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. லிஃப்டில் ஏறினால் கேள்வி, காய்கறி வண்டியருகே நின்றால் கேள்வி. அதிலும் மூன்றாவது மாடி சங்கரன் மாமா இருக்கிறாரே, பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், புனேக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது, அவர் வாரம் ஒரு முறையாவது என்னை மடக்காமல் விடமாட்டார்.

"ஏம்ப்பா ஹரி, இந்த ஊர்ல முட்டா நதியை விட்டா வேற தண்ணியே கிடையாது. அதுலயும் பாதி நாள் பானி நஹி. உன் ஒய்ஃப் எந்தக் கடலை எட்டிப் பார்க்கறா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கற கடலை மாமா."

"அச்சா. அதுல உப்பு இருக்கோ?"

"இருக்கு மாமா. தினம் அதைத்தான் கூட்டிக் குறைச்சுப் பார்த்துட்டு இருக்கா."

நான் கிண்டல் செய்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நான் சொன்னது அத்தனையும் உண்மை.

நகரத்தின் மறுகோடியில் ஓர் ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேலை. அங்கே ஒரு பெரிய கணினி இருக்கிறது. அதற்குள் வங்காள விரிகுடா முழுவதையும் கட்டங்கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம், சூடு, உப்பு, காற்று எல்லாம் கொடுத்து, நிலவையும் சூரியனையும் மேலே சுற்றவிட்டு, கடல் என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். இதற்கு மாடல் என்று பெயர். அவள் ஸ்கூட்டியில் காலையில் போய் அந்தக் கடலை ஓடவிட்டு, சாயங்காலம் வரும்போது அது எங்கேயாவது கணக்குக் கட்டுமீறிக் கொதித்துப்போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். சில நாள் கொதித்துத்தான் போயிருக்கும். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசத்தில் உப்பு இருக்காது.

அவள் படிப்பது கடலின் மேல்பக்கத்தையும் அல்ல. ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குவதை ஓதம் என்கிறோம், கரையில் நிற்கும் எவனும் அதைப் பார்க்கலாம். அதே ஓதம் கடலுக்கு உள்ளேயும் நடக்கிறதாம். மேலே வெதுவெதுப்பான லேசான தண்ணீர், கீழே குளிர்ந்த கனமான தண்ணீர். ஓதம் கடலடிச் சரிவில் போய் மோதும்போது இரண்டு தண்ணீரும் சந்திக்கும் இடம் பத்து மாடி உயரத்துக்கு எழும்பி விழுகிறது. மேலே படகில் உட்கார்ந்து பீடி பிடிப்பவனுக்கு ஒன்றுமே தெரியாது. அதற்குப் பெயர் உள்ளோதம்.

இதை எனக்கு அவள் சொல்லிக்கொடுத்தது கல்யாணத்துக்கு முன்னால். பெரியவர்கள் எங்களை ஒரு காபிக் கடைக்கு அனுப்பிவைத்தார்கள், பேசிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. வந்து உட்கார்ந்தவள் கைப்பையில் இருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மேஜையில் படுக்கவைத்தாள். பாதி நீலம் கலந்த தண்ணீர், பாதி நல்லெண்ணெய். ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்த்து விட்டாள்.

"மேல பாருங்க. ஆடுதுங்களா?"

"இல்லீங்க."

"இப்ப நடுவுல பாருங்க."

எண்ணெயின் மேல்பக்கம் அடங்கி அசையாமல் கிடந்தது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓர் அலை அவசரமே இல்லாமல் அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ முறை பார்த்திருப்பாள், இருந்தும் அன்றைக்குத்தான் முதல் முறை பார்ப்பவள் மாதிரி சிரித்தாள். நான் சென்னைக்காரன், மெரினாவில் சுண்டல் தின்றதோடு எனக்கும் கடலுக்கும் உள்ள உறவு முடிந்தது என்று நினைத்திருந்தவன். அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள், மறந்தே போனேன்.

அந்தப் புட்டி இன்றும் எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. ஒரு முறை எண்ணெய் தீர்ந்துபோன அவசரத்தில் நான் அதை தோசைக்கு எடுக்கப்போய் வாங்கிய திட்டு தனிக் கதை.

இப்படிக் கடலே கதி என்று கிடப்பவள் இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூடக் கப்பல் ஏறியதில்லை. அதுதான் அவள் வாழ்க்கையின் பெரிய குறை. அவர்கள் நிலையத்துக்கு ஆய்வுக் கப்பலில் ஒவ்வொரு பயணத்துக்கும் சில இடங்கள்தான் கிடைக்கும். கருவி இறக்குபவர்களுக்கு, கருவி எடுப்பவர்களுக்கு, தண்ணீர் மொள்பவர்களுக்கு என்று எல்லாம் போய்விடும். மாடல் செய்கிறவளுக்குக் கப்பலில் என்ன வேலை, நீதான் கடலை மேஜையிலேயே வைத்திருக்கிறாயே என்பார்கள். அவளும் சிரித்துவிட்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து சிரிக்கமாட்டாள்.

போன வருஷம்தான் வழி பிறந்தது. அவளுடைய குழுவின் தலைவி ப்ரீதி மேடம், மராத்திக்காரர், கறாரானவர், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசாதவர், இவளைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒடிசா கரைக்கு அப்பால் கடலடியில் ஒரு சங்கிலி நிறுத்திவைத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழ்வரை வெப்பமானிகள் கட்டிய நீளமான கயிறு அது. அடுத்த பயணத்தில் அதைப் பழைய இடத்திலேயே இறக்குவதா, வேறு இடத்திலா என்று முடிவு செய்யவேண்டும். வித்யாவின் மாடல் வடக்கே தள்ளி ஒரு சரிவில் உள்ளோதம் இன்னும் பெரிதாக எழும்புகிறது என்கிறது. பழைய இடத்தில் சங்கிலி அளந்த கடலும் மாடல் சொன்ன கடலும் ஒத்துப்போனால், மாடலை நம்பிப் புதிய இடத்துக்குப் போகலாம். இடம் காட்ட வித்யா கப்பலில் வரவேண்டியிருக்கும். ஒத்துப்போகாவிட்டால் சங்கிலி பழைய இடத்துக்கே, வித்யா பழைய நாற்காலிக்கே.

அன்றிலிருந்து எங்கள் வீடு கப்பலாகிவிட்டது. அவளுக்குப் பேருந்தில் போனாலே வாந்தி வரும். சாத்தாரா போகும் வழியில் கம்பட்கி மலைப்பாதையில் அவள் எடுக்காத வாந்தி இல்லை. கப்பலில் மானம் போய்விடக்கூடாது என்று பயிற்சி தொடங்கினாள். சொசைட்டிப் பூங்காவில் குழந்தைகள் சுற்றும் ராட்டினம் ஒன்று உண்டு. காலையில் குழந்தைகள் பள்ளிக்குப் போனதும் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மடியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை விரித்துவைத்துப் படிப்பாள். சுற்றிவிடுவது நான். ஆபீசுக்குப் போகும் உடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு, மனைவியை ராட்டினத்தில் வைத்துச் சுற்றும் ஒருவனை வானவடி அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் வாரம் அவள் தலைப்பைத் தாண்டவில்லை. மூன்றாவது வாரம் முடிவுரைவரை போய்விட்டாள். எனக்குத்தான் தலை சுற்றியது.

சங்கிலி மேலே வந்தது. அதை இறக்குவதும் எடுப்பதும் சவரிமுத்து என்ற தூத்துக்குடிக்காரர். பாதி வாழ்க்கையைக் கப்பலில் கழித்தவர், நான் அவரைப் பார்த்ததில்லை, ஃபோனில் குரல் மட்டும் பழக்கம். அவர் அனுப்பிய அளவுகள் வந்த அன்று அவள் எனக்கு நடுப்பகலில் ஃபோன் செய்தாள். நான் விமான் நகரில் என் ஆபீசில் அமெரிக்க வாடிக்கையாளருக்கு ஏதோ விளக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

"ஹரி, தலைகீழா வருது."

"எது?"

"கடல்."

சாயங்காலம் மடிக்கணினியில் காட்டினாள். சிவப்புக் கோடு அவள் மாடல், நீலக் கோடு நிஜக் கடல். சிவப்பு மேலே போகும்போது நீலம் கீழே போனது. நீலம் ஏறும்போது சிவப்பு இறங்கியது. எழும்பும் உயரம் சரி, அலையின் வடிவம் சரி. மாடல் எழும்பு என்கிற நேரத்தில் கடல் விழுந்துகொண்டிருந்தது. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

பிறகு வந்த வாரங்களில் அவள் அந்தக் கடலை விட்டுவைக்கவில்லை. சரிவைக் கொஞ்சம் செங்குத்தாக்கினாள், சமன் செய்தாள். உப்பைக் கூட்டினாள், குறைத்தாள். கங்கையில் இருந்து வரும் நன்னீரைத் திறந்துவிட்டாள், மூடினாள். கடல் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கமே போனது. ராட்டினம் சும்மா கிடந்தது. ரசத்தில் உப்பு வரவேயில்லை.

நிலையத்தில் எல்லோரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள். இத்தனை அழகாகத் தலைகீழாக வருகிறது என்றால் நிரலில் எங்கேயோ கூட்டலுக்குக் கழித்தல் குறி விழுந்திருக்கிறது, இன்னொரு மைனஸ் போடு, நிமிர்ந்துவிடும் என்று. நடக்காத விஷயமும் அல்ல, இந்தத் தொழிலில் அப்படி அடிக்கடி ஆகுமாம். வித்யா போட்டும் பார்த்தாள். நீலமும் சிவப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. கிட்டத்தட்டத்தான். சிவப்பு ஏறிய பிறகு நீலம் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கி ஏறியது. ஒரு நாள் அல்ல, வருஷம் முழுக்க, அதே இடைவெளி.

ப்ரீதி மேடத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இவ்வளவு பெரிய கடலில் முக்கால் மணி நேரம் பெரிய விஷயமில்லை, மைனஸ் எங்கே விழுந்தது என்று காட்டிவிடு, கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம். கப்பலில் ஓர் இடம், கையெட்டும் தூரத்தில். இவள் நிரலை வரிவரியாகத் தேடினாள். மைனஸ் எங்கேயும் விழவில்லை.

"விழுந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன். எனக்குப் பொறுமை குறைவு, அதை நான் மறைப்பதில்லை. "ஊரே போடச் சொல்லுது. அந்த மைனஸைப் போட்டுத் தொலையேன் வித்யா."

"போட்டா மேல எது, கீழ எதுன்னு நான் சொல்றதே பொய்யாயிடும் ஹரி. சரி, அதையும் விடுங்க. அந்த முக்கால் மணி நேரத்தை எங்க கொண்டுபோய் வைக்கறது?"

"கடல்ல போடு. இடமா இல்ல?"

"அது யாரோட தப்புன்னு தெரியாம எப்படிப் போடறது?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகியிருக்கும். அவள் எழுந்து போய் அலமாரியில் இருந்த புட்டியை எடுத்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இவள் இந்த முக்கால் மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு கப்பலை விட்டுவிடப்போகிறாள், பிறகு ஆயுசுக்கும் சிரிக்கமாட்டாள் என்ற பயம்.

ப்ரீதி மேடம் திங்கட்கிழமைவரை நேரம் கொடுத்தார். அதற்கு முந்தின ஞாயிறு மதியம் காசிம் சாப்பிட வந்தான். கீழக்கரைப் பையன், வித்யாவின் எதிர் மேஜைக்காரன். புயல் வரும்போது கடல் எவ்வளவு உயரம் ஏறி ஊருக்குள் வரும், எப்போது வரும் என்று கணக்கிடுவது அவன் வேலை. எந்தக் குப்பத்தை எப்போது காலி செய்வது என்பது அவன் மாதிரி ஆட்கள் சொல்லும் நேரத்தை வைத்துத்தான். சங்கிலி இறக்கிய அதே பயணத்தில் கரையோரம் தண்ணீர் ஏறுவதை அளக்க அவனுக்காக ஓர் அழுத்தமானியும் இறக்கியிருந்தார்கள். சவரிமுத்து அனுப்பும் இரண்டு அளவுகளையும் வித்யாவின் நிரல்தான் சுத்தம் செய்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கும்.

வழக்கமாக மூன்று பேர் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிடுகிறவன் அன்றைக்குச் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா, எங்க வீட்டு ரசம் உனக்குமா பிடிக்கல?" என்றேன்.

"இல்லண்ணே. என் மாடலும் போச்சு. வழக்கமா வர்ற ஓதத்தக் கழிச்சிட்டு, புயல் தூக்குன மிச்சத்த மட்டும் எடுத்துப் பாத்தேன். போன அக்டோபர்ல வந்துச்சுல்ல, அந்தப் புயல். புயல் வர்றதுக்கு முன்னாடியே கடல் ஏறிருச்சுண்ணே. காத்து இன்னும் வரவே இல்ல. தண்ணி மட்டும் ஏறி நிக்கிது."

"பயந்துபோய் ஏறியிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. வித்யாவும் சிரிக்கவில்லை. அவள் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"எவ்வளவு முன்னாடி காசிம்?"

"காத்து வந்தது பொழுது சாஞ்ச பெறகுக்கா. தண்ணி மத்தியானமே ஏறிருச்சு. அஞ்சு மணி நேரம் இருக்கும். அஞ்சு, அஞ்சரை..."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்த நாட்டில் நேரத்தோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் யாருக்கும் ஐந்தரை என்ற எண்ணைக் கேட்டால் முதுகு நிமிரும். கிரீன்விச் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் நடுவில் இருப்பது அந்த ஐந்தரை மணி நேரம். உலகம் முழுக்கக் கடல்காரர்கள் கிரீன்விச் நேரத்தில்தான் எழுதுவார்கள். நானே தினமும் பத்து முறை அதைக் கூட்டிக் கழித்து அமெரிக்காக்காரனைத் தூக்கத்தில் எழுப்பாமல் பார்த்துக்கொள்கிறவன். வாரக்கணக்கில் அந்தத் தலைகீழ்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை, என்னைச் சொல்லவேண்டும்.

"நான்தான் கழிச்சேனே" என்றாள் வித்யா மெதுவாக. "சவரிமுத்து அண்ணன் எப்பவும் நம்ம நேரத்துலதான அனுப்புவாரு. வந்ததும் நிரல் தானா அஞ்சரையைக் கழிச்சுடுமே."

"அக்கா, அவரு ஏற்கெனவே கழிச்சு அனுப்பிருந்தா?"

அவள் இடது கையால் ஃபோனை எடுத்து சவரிமுத்துவைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆமா மேடம், இந்தத் தடவ நானே மாத்திட்டேன்லா" என்றது தூத்துக்குடிக் குரல், மகிழ்ச்சியாக. "போன வருசம் சொன்னீயள்ல, ஒவ்வொரு தடவையும் நேரத்த மாத்தி மாத்தி அலுத்துப்போச்சுன்னு. எனக்குப் பாவமா போச்சு. சரி, ஒங்களுக்கு ஒரு வேல மிச்சமாவட்டும்னு நானே கிரீன்விச் நேரத்துக்கு மாத்தி அனுப்பிட்டேன்."

"சொல்லவே இல்லீங்களே அண்ணே."

"இதுல சொல்ல என்ன மேடம் இருக்கு. செஞ்ச ஒதவியச் சொல்லிக் காட்டவா? பாத்ததும் சந்தோசப்படுவீயன்னு நெனச்சேன்." குரல் சட்டென்று இறங்கியது. "ஏன் மேடம், எதும் தப்பாயிட்டா?"

"இல்லீங்கண்ணே. ரொம்ப நல்லது பண்ணியிருக்கீங்க. இனிமே மட்டும் பண்ணிடாதீங்க."

தட்டுகளை நகர்த்தி மடிக்கணினியை வைத்தாள். வலது கை முழுக்க ரசம், இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். நான் துடைக்கத் துணி நீட்டினேன், கவனிக்கவில்லை. மைனஸை எடுத்தாள். இரண்டாம் முறை கழித்த ஐந்தரையைத் திருப்பிக் கொடுத்தாள். நீலக் கோடு வலது பக்கமாக நகர்ந்தது. நகர்ந்து போய்ச் சிவப்புக் கோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. ஏறும் இடத்தில் ஏறியது, இறங்கும் இடத்தில் இறங்கியது. உள்ளோதம் ஓர் ஏற்றத்தில் இருந்து இறக்கத்துக்குப் போக ஆறேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஐந்தரை மணி நேரம் தள்ளிவைத்தால் தலைகீழ் மாதிரி தெரியும், முழுத் தலைகீழ் ஆகாது. மிச்சம் இருப்பதுதான் அந்த முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவான நேரம்.

"பாருங்க ஹரி" என்றாள் வித்யா. "அது இருக்கற இடம் இதுதான்."

பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். காபிக் கடையில் சிரித்த அதே சிரிப்பு, இந்த முறை நிற்கவில்லை. காசிம் தன் புயலை எடுத்து ஐந்தரை தள்ளிப் பார்த்தான். காற்று வந்தது, கூடவே தண்ணீர் ஏறியது. அவனும் சிரித்தான். நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமலே கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். காசிம் மூன்று பேர் சோற்றையும் போட்டுக்கொண்டு, உப்பில்லாத ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்து, அருமை அக்கா என்றான். வித்யா கையைக்கூடக் கழுவாமல் கீழே ஓடினாள். நாங்கள் பின்னால் போய்ப் பார்த்தபோது ராட்டினத்தில் ஏறி நின்றுகொண்டு, காசிமைப் பார்த்து சுத்து, இன்னும் வேகமா சுத்து என்று கத்தினாள். மதியத் தூக்கம் கலைந்து சங்கரன் மாமா பால்கனிக்கு வந்தார்.

"க்யா ஹுவா? என்னாச்சும்மா?"

"கடல் சரியாயிடுச்சுங்க மாமா."

"டீக் ஹை. அப்போ தண்ணி டாங்கருக்குச் சொல்ல வேண்டாமோ?"

வேண்டாம் என்று அவள் சுற்றிக்கொண்டே கையை ஆட்டினாள். அதை நம்பி அவர் டாங்கருக்குச் சொல்லாமல் விட்டு, மறுநாள் எங்கள் பிளாக் முழுக்கக் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. அந்தப் பழி இன்றுவரை என் தலையில்தான் இருக்கிறது.

குளிக்காமலே அவள் திங்கட்கிழமை ப்ரீதி மேடத்தைப் பார்க்கப் போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாளாம். யார் தவறு என்று கேட்டிருக்கிறார் அவர். நேரத்தை சவரிமுத்து அண்ணன் எனக்காக ஒரு முறை சரிசெய்தார், நான் அவருக்காக ஒரு முறை சரிசெய்தேன், கேட்டுக்கொள்ளாதது இருவர் தவறும் என்றிருக்கிறாள். நான்கு வருஷத்தில் ப்ரீதி மேடம் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தாளாம். இனிமேல் இந்தக் குழுவில் உதவி செய்வதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டுச் செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு, கப்பல் பட்டியலில் அவள் பெயரை எழுதினார். பேனாவை மூடிய பிறகு சொன்னாராம், மைனஸைப் போட்டிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், காசிமின் புயல் நேரமும் அப்படியே தப்பாகப் போயிருக்கும் என்று. அதை வித்யா என்னிடம் அப்படியே சொன்னாள். போட்டுத் தொலை என்று சொன்னவன் நான். அந்த இரவுச் சாப்பாட்டை நான் சமைத்தேன், உப்புப் போட்டு.

விசாகப்பட்டினம்வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம், ஒரு டப்பா புளிக்காய்ச்சல், சவரிமுத்துவுக்குப் புனேயின் காரப் பலகாரமான பாக்கர்வடி இரண்டு கிலோ. அந்த மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தேன். என்னைவிட ஒரு சாண் குள்ளம், குரல் மட்டும் கப்பல் சங்கு. "ஒண்ணும் கவலப்படாதீங்க சார், மேடத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார். வித்யா உடனே, "என்ன பண்றதா இருந்தாலும் சொல்லிட்டுப் பண்ணுங்கண்ணே" என்றாள். தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், கதை அதற்குள் கப்பல் முழுக்கப் பரவியிருந்தது. கப்பல் அசைவதற்கு முன்பே அவள் ஓர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு நின்றாள்.

போன பிறகு சில நாள் அவளிடமிருந்து வந்த செய்தி எல்லாம் ஒரே வார்த்தைதான். வாந்தி. மறுநாள், மறுபடியும் வாந்தி. ராட்டினம் ஒரே பக்கமாகத்தான் சுற்றும், கடல் எல்லாப் பக்கமும் ஆடுகிறது என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து நான் கப்பலையும் கடலையும் ப்ரீதி மேடத்தையும் சேர்த்துத் திட்டினேன்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், நான் விமான் நகரில் கூட்டத்தில் இருந்தேன். திரையில் நான்கு அமெரிக்கர்கள். மடியில் ஃபோன் அதிர்ந்தது. வித்யாதான். அவள் சொன்ன புதிய இடத்தில், அவள் சொன்ன நேரத்துக்குக் கருவியைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். கீழே இருக்கவேண்டிய குளிர்ந்த தண்ணீர் வெகு மேலே வந்து நின்றுகொண்டிருந்ததாம்.

"வந்துருச்சு ஹரி. நாப்பது மீட்டருக்கு மேல எந்திரிச்சு நிக்குது. மேல தண்ணி அசையவே இல்ல, தரை மாதிரி கிடக்குது. சவரிமுத்து அண்ணன் என்னமோ பூஜைக்கு நிக்கற மாதிரி செருப்பைக் கழட்டிட்டு நிக்கறாரு. நான்தான் ஆடிட்டு இருக்கேன்."

அமெரிக்கர்களுக்குத் தெரியாமல் மேஜைக்கு அடியில் எழுதினேன்.

"சொன்ன நேரத்துக்கேவா? மிச்சம் ஒண்ணும் இல்லையா?"

பதில் வரக் கொஞ்ச நேரமானது. கடல் நடுவில் இருந்து வரவேண்டும், பாவம். திரையில் யாரோ என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார்கள், நான் காதில் வாங்கவில்லை.

"பத்து நிமிஷம் தள்ளி வந்துச்சு. அது என்னோடதுதான், நல்லா தெரியுது. ஊருக்கு வந்து பாத்துக்கறேன்."